உட்கார்ந்திருந்ததற்குச் சம்பளம்

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது, நானும் உட்கார்ந்தாகிவிட்டது. வரிசையின் இடது ஓரம், தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி. யாரும் எனக்கென்று ஒதுக்கித் தந்த இடமில்லை, ஆனாலும் மங்களூர் கால்பந்து அணிக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் வேறு எவனும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் வளைவு என் முதுகுக்குப் பழகிப்போயிற்று, அல்லது என் முதுகு அதற்கு. மழை வரப்போகிறது. கடல் பக்கம் காற்று திரும்பியிருக்கிறது, பார்வையாளர் காலரிக்குப் பின்னால் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, பார்க்க வந்த சனம் தலையில் துண்டைப் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல். இப்படியே முடிந்தால் போதும், அடுத்த வருஷமும் இதே பிரிவில் ஆடலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். எல்லோர் முகத்திலும் அந்தப் பயம். பக்கத்தில் இருக்கும் பையன்கள் நகத்தைக் கடிக்கிறார்கள், ஒருத்தன் சிலுவை போட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கு மட்டும் பயம் ஒன்றும் இல்லை. மதியம் சாப்பிட்ட சோறு நன்றாகச் செரித்து, உடம்பு லேசாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்த மாதிரி இருக்கிறது. இது சரியில்லை என்று தோன்றுகிறது. காலையில்தான் கோச் கூப்பிட்டு, டைட்டஸ், அடுத்த சீசனுக்கு உன்னை வைத்துக்கொள்ள வழியில்லை, வருத்தமாக இருக்கிறது என்றார். அவர் போர்ச்சுகல்காரர், வருத்தம் என்று சொல்லும்போது கையை நெஞ்சில் வைப்பார். பரவாயில்லை சார் என்றேன். உண்மையிலேயே பரவாயில்லாமல் இருந்தது, அதுதான் ஆச்சரியம். முப்பத்தாறு வயதில் வேலை போன மனுஷன் வராந்தாவில் நடந்துபோய் டீ குடித்தேன், டீயும் நன்றாக இருந்தது. என் மனைவி ஹில்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. மதியம் பேசும்போது சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் சொல்ல விட்டால்தானே.

அவள் போனை எடுத்ததும் சிரிப்பு. “இஞ்ச பாருங்க, நீங்க ஒளிச்சு வச்சிருக்க பதினாலு கோடி எங்க இருக்குன்னு சொல்லிப்போட்டு கிரவுண்டுக்குப் போங்க. கட்டிலுக்க அடியில பாத்தேன், அலமாரிக்க மேல பாத்தேன். ஒங்க பழைய பூட்ஸுதான் ரெண்டு சோடி கெடக்கு, ஒண்ணுல பல்லி முட்டையிட்டிருக்கு.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் அவள் தம்பி அனுப்பினதை எனக்கும் அனுப்பினாள். ஏதோ ஒரு இணையப் பக்கம். டைட்டஸ் சிலுவைதாசன், கால்பந்து வீரர், வயது, உயரம், மனைவி, சொத்து மதிப்பு. வயதில் ஒன்றைக் குறைத்திருந்தார்கள், சந்தோஷம். உயரத்தில் நாலு விரல் கூட்டியிருந்தார்கள். படம் என்னுடையதே இல்லை, யாரோ மணிப்பூர்ப் பையன், அவன் பாவம் அழகாக இருந்தான். சென்னையில் ஒரு பங்களாவாம், இரண்டு காராம், விளம்பரங்கள் மூலமும் வருமானமாம். ஒரே ஒரு விளம்பரம் செய்தேன், மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு. பணத்துக்குப் பதில் ஹில்டாவுக்கு மூன்று சேலையும் எனக்கொரு சபாரித் துணியும் தந்தார்கள். குழித்துறை ஜங்ஷனில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிற பிளெக்ஸ் ஆடிக்காற்று வரைக்கும் நின்றது. கடைசியில் தடித்த எழுத்தில், மொத்தச் சொத்து மதிப்பு சுமார் பதினாலு கோடி ரூபாய். “மனைவிங்கற எடத்துல தகவல் இல்லைன்னு போட்டிருக்கான். இத்தனை வருசமா ஒங்களுக்கு மீன் பொரிச்சுத் தந்தது அப்ப யாரு?” என்று கேட்டாள் ஹில்டா. நான் சிரித்த சிரிப்பில் அறையில் படுத்திருந்தவன் எழுந்துவிட்டான். ஆனால் ஊரில் யாரும் சிரிக்கவில்லையாம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு பொதியிற செலவை டைட்டஸ் ஏற்றால் பேரைக் கல்லில் வெட்டி வைப்போம் என்றார்களாம். என் மாமனார், கல்யாணத்தின்போது பந்து உருட்டுறவனுக்கா பொண்ணு என்று ஒரு வாரம் வீட்டில் சாப்பிடாமல் கிடந்த மனிதர், காலையில் தேடிவந்து, மருமோன் எப்ப வாறாரு, நெய்மீன் எடுத்து வைக்கட்டா என்று விசாரித்தாராம். “இல்லைன்னு சொல்லாதீங்க” என்றாள் ஹில்டா. “நெய்மீன் வாறது வரைக்கும் நீங்க கோடீஸ்வரன்தான்.”

யாரோ எங்கோ உட்கார்ந்து இதைத் தட்டியிருக்கிறான். அவன் மேல் கோபமே வரவில்லை. பதினைந்து வருஷம் தொழில்முறை ஆட்டக்காரன், இத்தனை அணி, வருஷத்துக்கு இவ்வளவு இருக்கும் என்று பெருக்கியிருப்பான். பெஞ்சுக்கு ஒரு விலை, ஆட்டத்துக்கு ஒரு விலை என்று அவனுக்கு எப்படித் தெரியும். சுமார். அந்தச் சொல்தான் மதியத்திலிருந்து பல்லிடுக்கில் மாட்டின மீன்முள் மாதிரி உறுத்துகிறது. சுமார் பதினாலு கோடி. முதல் வருஷம் கொல்கத்தாவில் நான் இறங்கின முதல் ஆட்டம் முடிந்து, ஊரிலிருந்து யாரோ பத்திரிகையின் நாகர்கோவில் பதிப்பைப் படம் பிடித்து அனுப்பினான், குமரி வீரர் டைட்டஸ் சுமாராக ஆடினார் என்று மூலையில் ஒரு வரி. இரண்டு கோல் வாங்கினேன், நாலைத் தடுத்தேன், சுமார்தான், பொய்யில்லை. ஆனால் இருபத்தொரு வயதில் அந்தச் சொல் எப்படிக் குத்தியது. ராத்திரி விளக்கணைத்த பிறகும் கண்ணுக்குள் தெரிந்தது. நன்றாக ஆடினார் என்று போட்டிருக்கலாம், மோசமாக ஆடினார் என்றுகூடப் போட்டிருக்கலாம். அப்புறம் அதே சொல் போகிற அணிக்கெல்லாம் கூடவே வந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே. முதல் கீப்பருக்கு அடிபட்டால் பயமில்லாமல் இறக்கலாம், அடிபடாவிட்டால் நினைவே வராது, அப்படி ஒரு ஆள் நான். அந்த மாதிரி ஆளும் ஒரு அணிக்கு வேண்டும். தேடினால் கிடைப்பதில்லை என்றுகூட ஒரு மேனேஜர் சொன்னார். நல்ல கீப்பர்கள் உட்கார மாட்டேன் என்கிறார்கள், உட்காருகிறவர்கள் இறக்கினால் சொதப்புகிறார்கள், நீ இரண்டும் செய்வாய் டைட்டஸ். பாராட்டா இல்லையா என்று தெரியாமல் தலையாட்டினேன். இப்போது யோசித்தால் பாராட்டுதான். ஒரு சொல்லை எத்தனை வருஷம் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தேன். அளவில் சுமார் என்றால் கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம் என்றுதானே அர்த்தம். கூடவும் செய்தது சில நாள்.

எதிரணி சிவப்புச் சட்டை. வடக்கே இருந்து வந்தவர்கள், அவர்கள் ஜெயித்தே ஆகவேண்டும், அதனால் எல்லோரும் நம் பாதியில்தான் நிற்கிறார்கள். மழை விழுந்துவிட்டது. பெரிய துளிகள், கூரைத் தகரத்தில் பொரி வறுக்கிற சத்தம். எங்கள் கோலில் ருவாட்டா, மிசோரம் பையன், இருபத்திரண்டு வயது, பூனை மாதிரி பாய்வான், மழையை மட்டும் அவனுக்குப் பிடிக்காது. நாங்கள் மழையில்தான் ஆடக் கற்றோம். எங்கள் ஊரில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணலில் ஆட்டம். ஜூன் ஜூலையில் அலை ஏறி வந்து ஒரு கோலை எடுத்துக்கொண்டு போய்விடும், மிச்சம் இருக்கிற கோலில் இரண்டு பக்கமும் அடிப்பார்கள், அந்தக் கோலில் நான் நிற்பேன். அதனால் எனக்கு இரண்டு மடங்கு பந்து வந்தது. அப்படித்தான் கீப்பர் ஆனேன், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓடி ஆட எனக்கு மூச்சு போதாது. ருவாட்டா இடது கம்பத்தை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறான். கத்தலாமா? கத்தினால் கோச் திரும்பிப் பார்ப்பார். கேட்கவும் கேட்காது. பந்து மேலே வருகிறது, சிவப்புச் சட்டை ஒருத்தன் எம்புகிறான், ருவாட்டாவும் எம்புகிறான், இரண்டு பேரும் ஒன்றாக விழுகிறார்கள், பந்து வெளியே போகிறது. சிவப்புச் சட்டை எழுந்துவிட்டான். ருவாட்டா எழவில்லை.

பயம் ஒன்றும் இல்லை என்றேனே, இப்போது இருக்கிறது. பிசியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கீப்பர் கோச் பிஸ்வாஸ் என் பக்கம் திரும்புகிறார், என்னைவிட இரண்டு வயது இளையவர், வங்காளி, அண்ணன் என்கிற மரியாதையில் டைட்டஸ்தா என்றுதான் கூப்பிடுவார். “டைட்டஸ்தா, உடம்பைச் சூடாக்கு.” எழுந்தேன். முழங்கால் சொடக்கு விடுகிற சத்தம் எனக்கே கேட்டது. கோட்டோரமாக ஓடுகிறேன், மழை முகத்தில் அடிக்கிறது, காலரியில் யாரோ துளுவில் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்துத்தானா? கடைசியாக எப்போது இறங்கினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு கோப்பைப் போட்டியில், பெயருக்கு. கையுறை புதிது, அதுதான் பயமாக இருக்கிறது; பழையது ஈரத்தில் பிடிக்கும், இது எப்படியோ. இடம் மறந்திருக்குமா? கண்ணை மூடினால் கோலுக்குள் எத்தனை எட்டு என்று கால் சொல்லும், சொல்லுமா இப்போது? ருவாட்டா எழுந்து உட்கார்ந்திருக்கிறான். தோளை அமுக்கிப் பார்க்கிறார்கள். கோச் ஒரு விரலைக் காட்டுகிறார். இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் மாற்றலாம், அதை முன்வரிசை ஆட்டக்காரனுக்காகக் கையில் வைத்திருந்தார். என் மேல் செலவழிக்க மனசு வரவில்லை, அவர் முகத்திலேயே தெரிகிறது. எழுந்திரு மோனே, எழுந்திரு ருவாட்டா, ஒன்றும் இல்லை உனக்கு. இதை நான் அவனுக்காகச் சொல்கிறேனா எனக்காகவா? அவன் எழுந்தான். கையை ஒருமுறை சுற்றினான், கட்டைவிரலைக் காட்டினான். காலரி கைதட்டியது. என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது. நிம்மதி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. பிஸ்வாஸ் சொல்கிறார், “உட்காராதே, ஓடிக்கொண்டே இரு.”

ஓடிக்கொண்டே இருக்கிறேன். கோட்டின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும். இப்படித்தான் கோவாவில் அன்றைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் ஓடினேன், அப்பா காலரியில் இருந்தார், மேல் வரிசையில், வெள்ளை வேட்டியில், அந்தக் கூட்டத்தில் வேட்டி கட்டிய ஒரே ஆள். அவர் வந்திருக்கவே வேண்டாம். கொச்சித் துறையில் படகு புறப்படத் தயாராக நின்றது, ஐஸ் ஏற்றியாயிற்று, ஒரு மாதத்துக்கு மேல் ஆழ்கடலில் கிடக்கிற பயணம். முதல் கீப்பருக்கு விரல் உடைந்துவிட்டது, புதன்கிழமை நான்தான், வாருங்கள் அப்பா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள், அடுத்த பயணம் போகலாம் என்று போனில் நச்சரித்தேன். கடைசியில் சரி என்றார். படகு அவரை விட்டுவிட்டுப் போயிற்று. அப்பா சிலுவைதாசன் மூட்டையில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, கோவாவின் மட்காவ் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அணி வேறு ஒரு கீப்பரைக் கொண்டு வந்து இறக்கியது. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லாமலே விட்டேன். ஆட்டம் முழுக்க அவர் என்னைப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்து அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். ஏறின பிறகு ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னார், “நீ இருக்கதப் பாக்கதுக்கா என்னைய இம்புட்டு தூரம் வரச் சொன்ன? நீ இருக்கதைத்தான் நான் வீட்டுலயே பாத்திருப்பேனே. லேய், இதுக்கா ஒனக்குச் சம்பளம் தாறானுவ?” ரயில் நகர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் இருப்பது என்றால் உட்கார்வதும்தான். அவர் வீடு போய்ச் சேர்ந்து சில நாளில் புயல் வந்தது. அந்த வருஷத்துப் புயலைப் பற்றி எங்கள் கரையில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, அந்த வருஷம் என்றாலே போதும். அப்பாவின் படகு வரவில்லை. போன ஒருத்தரும் வரவில்லை. அறையில் டிவி முன்னால் நின்றுகொண்டே ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன், போன் எடுத்தால் எல்லா வீட்டிலும் அழுகைச் சத்தம், எங்கள் வீட்டில் மட்டும் அது இல்லை. அப்பா போனை வாங்கி, “நான் இங்ஙன இருக்கேன்” என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மனசு எப்போதும் ஒரே இடத்தில்தான் முட்டும். அப்பாவின் இடத்தில் ஏறிப் போனவன் ஜோஸ்வா. ஆள் குறைந்தால் படகு புறப்படாது, துறையில் சும்மா நின்றிருந்தான், கூப்பிட்டார்கள், ஏறினான். என்னைவிட ஆறு வயசு மூத்தவன். மணலில் என்னோடு ஆடினவன், இடது காலால் அடிப்பான், அவன் அடித்தால் பந்து வெளியே போவது போலப் போய் உள்ளே வளையும். மாற்று ஆள். இறங்கு என்றால் இறங்குகிறவன். நான் வாழ்நாள் எல்லாம் யாருக்கோ மாற்றாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு எதுவும் ஆகவில்லை. அவன் ஒரே ஒரு தடவை. இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் ஆடியிருந்தாலும் அப்பா வந்திருப்பார், ஜோஸ்வா ஏறித்தான் இருப்பான். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் ஜோஸ்வா துறையிலேயே நின்றிருப்பான், அப்பா போயிருப்பார். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் வெளியே தெரிகிற போர்வை. யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஜோஸ்வாவின் மனைவி ரீத்தாவும் சொன்னதில்லை. அந்த வருஷ நாற்பதாம் நாள் பூசைக்கு நான் போனபோது, “அவரு ஒங்கள டிவில காட்டினா எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாரு தம்பி, பெஞ்சில இருந்தாலும் காட்டுவாரு” என்றாள். அந்த மாதத்திலிருந்து சம்பளம் வந்ததும் ஹில்டா முதலில் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். நான் சொல்லிச் செய்யவில்லை, அவளாகவே. எனக்கே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ரீத்தாவின் மகள் ஷைனி இந்த வருஷம் நர்சிங் முடித்துவிட்டாள், போன வாரம் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வெள்ளை உடுப்பில் நிற்கிற படம் என் போனில் இருக்கிறது. ஓ, அதுதானா? காலையில் கோச் கையை நெஞ்சில் வைத்தபோது எனக்கு வலிக்காததற்கு இதுதான் காரணமா? எடுத்துக்கொண்டு வந்த பாரத்தை இறக்கி வைத்த பிறகு, தலையில் சும்மாடு மட்டும் மிச்சமிருந்தது; இனி அதையும் எடுத்துவிடு என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. வீடு இருக்கிறது, மேலே ஒரு அறை பாக்கி, அது பூசாமலே கிடக்கட்டும். அப்பா கரையில் இருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, நான் போக விடவில்லை, என் சம்பளத்தில் அதைச் சொல்லுகிற உரிமை இருந்தது. சாயங்காலம் மணலில் பையன்கள் ஆடும்போது போய் நின்று, கீப்பரைப் பார்த்து மட்டும் கத்துவாராம். போன திருவிழாவுக்கு யாரோ உறவுக்காரர் வந்து, ஒங்க மோன் என்னேரமும் இருக்கத்தானே செய்யிறான், ஆடிப் பாக்கலியே என்று கேலி பேசியிருக்கிறார். அப்பா சோற்றிலிருந்து கையை எடுக்காமல், “அவன் இருந்ததுனாலயாக்கும் நான் இருக்கது” என்றாராம். ஹில்டா சொன்னாள். ஹில்டா சில விஷயங்களைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், என் மனசுக்காக. அவரிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். பதினாலு கோடி போட்டவன் கூட்டியதைவிடக் குறைவாகத்தான் கூட்டியிருப்பாள்.

“டைட்டஸ்தா!” பிஸ்வாஸ் கூப்பிடுவது மூன்றாவது தடவையாக இருக்க வேண்டும். ருவாட்டா கோலுக்கு நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், இடது கையை வலது கையால் தாங்கியபடி. கட்டைவிரல் காட்டினது சும்மா. ஒரு கையால்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறான். கோச் என்னைப் பார்க்கிறார், இந்த முறை அவர் முகத்தில் கணக்கு எதுவும் இல்லை, போ என்றார். மேல்சட்டையைக் கழற்றினேன், குளிர்ந்த மழை தோளில் விழுந்தது, உடம்பு சிலிர்த்தது, அட, நான் ஆடப்போகிறேன். பலகையில் என் எண்ணைப் பச்சையில் காட்டுகிறார்கள். ருவாட்டா வெளியே வருகிறான், கண் சிவந்திருக்கிறது, மழையா என்ன என்று தெரியவில்லை. “ஸாரி அண்ணா” என்றான். எதற்கு ஸாரி. “மருந்து போட்டுக்கொள், பார்த்துக்கிறேன்” என்றேன். பார்த்துக்கிறேன். எவ்வளவு பெரிய வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். கோல் வரைக்கும் ஓடினேன். புல் ஊறிக் கிடக்கிறது. இரண்டு கம்பத்தையும் ஒருமுறை தொட்டேன். வலைக்குப் பின்னால் ஒரு தாத்தா குடை பிடித்துக்கொண்டு கடலை தின்கிறார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், கடையில் பழகின ஆளைப் பார்த்துத் தலையாட்டுவது போல. இனி ஆட்டம் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்துக்குள் பந்து என்னிடம் வராமலே போய்விடலாம். வந்தால்? வழுக்கினால்? கடைசி ஆட்டத்தில் சொதப்பின கீப்பர் என்று ஆகிவிட்டால்? ஊரில் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாமனார் பார்ப்பார், கமிட்டிக்காரர்கள் பார்ப்பார்கள். அப்பா பார்க்க மாட்டார், போனில் எல்லாம் எறும்பு மாதிரி தெரியும் என்பார். பார்க்காதீர்கள் அப்பா. இல்லை, பாருங்கள். ஒரு பந்து திரும்பி வருகிறது, நம் ஆளே தட்டிவிட்டது, காலால் ஓங்கி அடித்தேன், அது சனத்துக்குள் போய் விழுந்தது. சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பந்து தூரத்தில் இருக்கிறது.

கார்னர். சிவப்புச் சட்டைகள் எல்லாம் வருகின்றன, அவர்கள் கீப்பர்கூட அந்தக் கோலை விட்டுவிட்டு ஓடி வருகிறான், அப்படியென்றால் இதுதான் கடைசி. என் முன்னால் முதுகுகள், முழங்கைகள், வேர்வையும் ஈரத் துணியும் நாறுகிறது, எவனோ என் காலை மிதிக்கிறான். ரெஃபரி விசில் ஊதுகிறார். பந்து எழும்புகிறது. இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த பேச்சு எங்கே போயிற்று, உள்ளே ஒரே அமைதி, பந்து மட்டும், தண்ணீர் சொட்டச் சொட்ட, வெளியே போவது போல வந்து உள்ளே திரும்புகிறது, எனக்குத் தெரியும் அது திரும்பும் என்று. “விடுலே! எனக்காக்கும்!” கத்தினது நானா? இத்தனை வருஷம் இந்தியிலும் இங்கிலீஷிலும் கத்தப் பழகின வாயிலிருந்து ஊர்ப் பேச்சு பாய்ந்து வந்துவிட்டது. என் முன்னால் நிற்கும் ஒகேச்சி நைஜீரியாக்காரன், தமிழில் ஒரு சொல் அறியாதவன், சட்டென்று தலையைக் குனிந்து வழி விடுகிறான். கை மேலே போயிற்று, இரண்டு உள்ளங்கையிலும் ஒரே சமயத்தில் அந்தக் கனம். நெஞ்சோடு இழுத்தேன். யார்மேலோ மோதினேன், மண்ணில் விழுந்தேன், பந்துக்கு மேலே நான், எனக்கு மேலே மழை. புல்லில் கன்னம் பதிந்திருக்கிறது. சேறும் பச்சையுமாக ஒரு வாசனை. எங்கோ மேலே விசில், ஒருமுறை, மறுபடி, நீளமாக மூன்றாவது முறை. காலரி இரைகிறது. நம் பையன்கள் கத்திக்கொண்டு ஓடுகிற அதிர்வு மண் வழியாகக் காதுக்கு வருகிறது. கீழே இறங்கவில்லை, தப்பித்துவிட்டோம். ஒகேச்சியின் பெரிய கை முதுகைத் தட்டுகிறது, முடிந்துவிட்டது டைட்டஸ், எழுந்திரு, அடிபட்டதா என்று கேட்கிறான். பந்து என் வயிற்றுக்குக் கீழே சூடாக இருக்கிறது, அல்லது என் வயிற்றுச் சூடா அது. “இதா எழும்புகேன்” என்று அவனிடம் தமிழிலேயே சொன்னேன். சொல்லிவிட்டு இன்னும் ஒரு மூச்சு அப்படியே கிடந்தேன்.